லீமாவுக்கு ஒத்திகை

என் மனைவி அருமைநாயகி, வயது அறுபத்தேழு, இடது முழங்காலில் உலோகம், சேலைக்கு மேல் குளிர்க்கோட்டு, காலில் மகள் வாங்கிக் கொடுத்த ஓட்டச் சப்பாத்து. இந்தக் கோலத்தில் அவள் ஹரோவில், பட்டப்பகலில், ஒரு சிவப்பு பஸ்ஸை ஓடி முந்தினாள். நின்றுகொண்டிருந்த பஸ்ஸை அல்ல. ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை. பஸ்ஸின் இலக்கத்தைச் சொல்ல மாட்டேன். அந்த ஓட்டுநருக்கும் மானம் இருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கோவிலில் தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது சொன்னேன், அங்கேயும் சிரித்தார்கள். பாதிரியாரே பிஸ்கற்றைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அப்படி ஒரு பெயர். பனி கொட்டிய ஒரு நாளில் ஹீத்ரோவில் ஆயிரத்து நூறு பெட்டிகளைத் தனியாக ஏற்றினேன் என்று ஒருகாலத்தில் சொல்லியிருக்கிறேன். ஆயிரத்து நூறு சரியான கணக்கு. தனியாக என்பதில்தான் கொஞ்சம் தளர்வு.

ஆனால் இது நடந்தது. எங்கள் ஆட்களில் என்னைத் தவிர இதைக் கண்ட ஒரே ஆள் அருமைநாயகியின் தங்கை கிளறிற்றா. அவளோ கபிரியேல் தூதர் நேரில் வந்து மங்கள வார்த்தை சொன்னாலும், முகவரிக்கு அத்தாட்சியாக ஏதும் கடிதம் இருக்கிறதா என்று கேட்கிறவள். இருபத்திரண்டு வருடம் கவுன்சில் கந்தோரில் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிய கை. கணவர் இறந்த பிறகு ரெய்னர்ஸ் லேனில் எங்களோடு இருக்கிறாள். என் வாயிலிருந்து வருகிற எதையும் பத்தால் வகுத்துத்தான் காதில் போடுவாள்.

நானும் வேலை செய்த மனிதன்தான். ஹீத்ரோவில் இருபத்தொன்பது வருடம். முதல் ஒன்பது வருடம் பெட்டி தூக்கினேன். மிச்சம் இருபது வருடமும் பெட்டி தூக்குகிறவர்களுக்கு ஷிப்ட் பட்டியல் போட்டேன். யார் எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்பது, யார் எப்போது தேநீர் குடிப்பது, யாருக்கு வயிற்றுக்குத்து வந்தால் யார் மாற்று: எல்லாம் என் பென்சில். ஓய்வு கிடைத்ததும் பட்டியல் போட ஆள் இல்லாமல் போயிற்று. இருந்தால் எழும்புவேன், எழும்பினால் நடப்பேன், நடந்தால் எதையாவது ஒழுங்குபடுத்துவேன். ஒரு நாள் சமையலறைச் சரக்குப் போத்தல்களுக்கே ஷிப்ட் போட்டேன். மிளகாய்த்தூளுக்குக் காலையில் ஓய்வு. அருமைநாயகி அகப்பையோடு வந்தாள். நான் தோட்டத்துக்கு இடமாற்றம் பெற்றேன்.

இப்படிக் கால் ஊன்ற இடமில்லாமல் திரிந்த எனக்குத்தான் லீமா கிடைத்தது.

கிடைத்தது அருமைநாயகியின் நேர்த்திக்கடனால். எங்கள் படுக்கையறையில் புனித மார்ட்டினாரின் படம் ஒன்று உண்டு. கையில் விளக்குமாறு, காலடியில் ஒரே தட்டில் சாப்பிடும் நாயும் பூனையும் எலியும். ஆள் எங்கள் நிறம். அதனாலோ என்னவோ, மற்றப் புனிதர்களிடம் கெஞ்சுகிற அருமைநாயகி மார்ட்டினாரிடம் மட்டும் உரிமையோடு கதைப்பாள். மாசி மாதம் முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சைக்குப் போகும் காலையில், படத்துக்கு முன்னால் நின்று, "மார்ட்டினாரே, இந்தக் கால் நடந்துதெண்டால் உம்மட திருநாளுக்கு உம்மட கல்லறைக்கு என்ர காலால நடந்து வருவன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கால் நடந்தது. சித்திரையில் அவள் என்னைக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, மார்ட்டினாற்ர கல்லறை எங்க இருக்கு?"

"லீமாவில."

"அது எங்க? பஸ் போகுமோ?"

"தென் அமெரிக்கா, பெரு நாடு. மட்ரிட்டில மாறிப் போகவேணும். பசிபிக் கடற்கரை."

அவள் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். இவ்வளவு தூரத்தில் இருக்கிறேன் என்று முதலே சொல்லியிருக்கலாமே என்கிற பார்வை. பிறகு, "சொன்னது சொன்னதுதான்," என்றாள்.

அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. மூன்று நாள் கொள்ளவில்லை. சரி, ஒன்றரை நாள். சாப்பாட்டு மேசையில் லீமாவின் வரைபடத்தை விரித்தேன். சிவப்புப் பென்சில் கோவில்களுக்கு, பச்சை பூங்காக்களுக்கு, நீலம் கடலுக்கு, மஞ்சள் கழிப்பறைகளுக்கு. திருநாள் நவம்பர் மூன்று. அதை நடுவில் வைத்து ஏழு நாள். பெரிய சதுக்கம், பேராலயம், சான் பிரான்சிஸ்கோ மடத்தின் நிலக்கீழ் எலும்பறைகள், மிராஃப்ளோரசின் கடற்பாறைகள், களிமண் செங்கல் பிரமிட், மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தால் நினைத்தது நடக்கும் என்று சொல்கிற மரப்பாலம். முதற் பட்டியலில் அறுபத்து மூன்று இடங்கள் வந்தன. கூகிள் படத்தில் அந்தத் தெருக்களை நான் அவ்வளவு தரம் நடந்ததில், லீமாவில் ஒரு நாய் என்னைக் கண்டு வாலாட்டத் தொடங்கிவிட்டது.

கிளறிற்றா தேநீர்க் கோப்பையோடு வந்து பட்டியலைப் படித்தாள்.

"ஒன்பது பத்துக்கு எலும்பறை. ஒன்பது நாற்பதுக்கு வெளிய. ஒன்பது நாற்பத்து நாலுக்குச் சந்தை. அத்தான், இதில மூச்சு விட எத்தின நிமிசம்?"

"அது ஓவர்டைம்."

"அக்கா விழுந்தா?"

"ஏன் விழுகிறா?"

"எழுதுங்கோ. பன்னிரண்டு பத்துக்கு விழுகை, பன்னிரண்டு பதினாலுக்கு எழும்புகை. அதையும் மஞ்சளில போடுங்கோ."

பகிடியாகச் சொன்னாலும் அவள் பகிடி விடவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அருமைநாயகி குளியலறையில் வழுக்கி விழுந்தபோது நான் வேலையில். கதவை உடைத்துத் தூக்கியது கிளறிற்றா. அன்றிலிருந்து அக்கா குளிக்கப் போனால் தங்கை கதவுக்கு வெளியே நின்று இருமுவாள். உள்ளேயிருந்து பதிலுக்கு ஓர் இருமல் வரவேண்டும். முழங்கால் மாற்றிய பிறகும் இந்த இருமல் தபால் நிற்கவில்லை.

புரட்டாதியில் விமானச் சீட்டுப் போட்டேன். அங்கேதான் பிழை விட்டேன். எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. அறுபது தாண்டிய தமிழருக்கு விமானச் சீட்டுப் போட்டால் கூடவே வீல்செயாரும் போட்டுவிடுவோம். காலில் ஒரு குறையும் இருக்காது. முதல் நாள்தான் கலியாண வீட்டில் ஆடியிருப்பார்கள். விமான நிலையத்து வாசலைக் கண்டதும் கால் சோர்ந்துவிடும். வரிசையில் நிற்கத் தேவையில்லை, வாசல் இலக்கம் தேடத் தேவையில்லை, இங்கிலீசில் கதைக்கத் தேவையில்லை, தள்ளுகிறவன் எல்லாம் பார்த்துக்கொள்வான். இருபத்தொன்பது வருடம் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அவ்வளவு பேரையும் பார்த்துச் சிரித்த என் கையே, 'விசேட உதவி' என்ற பெட்டியைக் கண்டதும் தன்பாட்டில் போய் ஒரு சரி போட்டது.

அதோடு, எங்கள் வீட்டில் எல்லா மின்னஞ்சலும் மகளின் முகவரிக்குத்தான் போகும். மகள் றொசாந்தி ஹவுன்ஸ்லோவில் மருந்துக்கடையில் இருக்கிறாள். அரை மணித்தியாலத்தில் தொலைபேசி அடித்தது.

"அப்பா, அம்மாவுக்கு வீல்செயார் புக் பண்ணியிருக்கிறியள்."

"அது சும்மா, பிள்ளை."

"சும்மாவோ? வீல்செயார் தேவைப்படுற ஒராளைக் கொண்டுபோய் ஏழு நாள் நடத்தப் போறியளோ? உங்கட பட்டியலும் வந்திருக்கு. செவ்வாய்க்கிழமை நாலு மியூசியம். நாலு, அப்பா!"

"அஞ்சாவது செவ்வாயில பூட்டு."

"நான் கான்சல் பண்ணப் போறன்."

இதற்குள் பின்னால் ஒரு குரல். "ஆருக்கு வீல்செயார்?"

அருமைநாயகி கோபம் வந்தால் கத்த மாட்டாள். குரல் இறங்கும். அன்று அது நிலக்கீழ் எலும்பறை வரை இறங்கியது.

"நடந்து வாறன் எண்டு நான் சொன்னது மார்ட்டினாருக்கு. நீங்கள் என்னை உருட்டிக்கொண்டு போகப்போறியளோ? தள்ளுவண்டியில வாழைக்குலை மாதிரி?"

சரியை அழித்தேன். அழித்து என்ன? மகளின் மனதில் விழுந்த சரி அழியவில்லை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் சீட்டை ரத்துச் செய்யலாம். அதற்குள் அம்மாவால் ஏலும் என்று தனக்குத் தெரியவேண்டும் என்றாள். என்னை நம்ப மாட்டாளாம். அம்மாவையும் நம்ப மாட்டாளாம்; அம்மா நோவைச் சொல்ல மாட்டாளாம்.

"சின்னம்மா பாத்துச் சொல்லட்டும். சின்னம்மா ஏலும் எண்டால் நான் வாயே திறக்கமாட்டன்."

இருபத்திரண்டு வருடம் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவளிடம் எங்கள் விண்ணப்பம் போயிற்று. அவள் உடனே ஒரு புதுக் கொப்பியை எடுத்துத் திகதி போட்டாள்.

அன்று ஞாயிறு. எனக்கு நாலு நாள் இருந்தது. பட்டியல் போடுகிறவனுக்கு நாலு நாள் என்றால் ஒரு யுகம். லீமாவை அப்படியே தூக்கி ஹரோவில் வைத்தேன்.

திங்கட்கிழமை ஹரோ நகர மையம்தான் பெரிய சதுக்கம். வரைபடத்தில் அளந்த அதே தூரம், அதே நேரம். ஒரு கடையின் முன் நிறுத்தி, "இதுதான் பேராலயம். பத்து நிமிசம் அண்ணாந்து பாருங்கோ," என்றேன்.

"இதில மெத்தை விக்கினம்," என்றாள் கிளறிற்றா.

"பக்தியா நில், பிள்ளை."

அருமைநாயகி பத்து நிமிடமும் அண்ணாந்து நின்றாள். கொப்பியில் விழுந்தது: 'கழுத்து நொந்தது. கால் பரவாயில்லை.'

செவ்வாய் அருங்காட்சியகம். அருங்காட்சியகத்தில் கால் நோவது நடப்பதால் அல்ல, நிற்பதால். ஆகவே ரெய்னர்ஸ் லேன் தமிழ்க் கடைக்குப் போய், பழங்காலப் பானைகளைப் பார்ப்பது போல ஒவ்வொரு மரக்கறியையும் பார்த்தோம். முருங்கைக்காய்க்கு ஏழு நிமிடம், பாகற்காய்க்கு ஐந்து. கடைக்காரர் வந்து, "அண்ணை, மரக்கறியில ஏதும் பழுதோ?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி, நாங்கள் இப்ப பெருவில நிக்கிறம்."

அவர் கிளறிற்றாவைப் பார்த்தார். கிளறிற்றா தலையில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். இரண்டு மணித்தியாலம் நின்றோம். கொப்பியில்: '11.50, வெங்காய மூட்டையில் குந்தினா.'

"அது காட்சிப் பொருளைக் கிட்ட நிண்டு பாத்தது," என்றேன்.

"மூட்டையில இருந்து எழும்ப ரெண்டு தரம் தெண்டிச்சவ. அதையும் எழுதினனான்."

புதன் மழை. மிராஃப்ளோரசில் பாறையிலிருந்து கடலுக்கு இறங்கும் படிகளை வீட்டு மாடிப்படியில் வைத்தேன். பதினாலு படி, பன்னிரண்டு தரம் ஏறி இறங்கல். அருமைநாயகி ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் அடுப்பில் கிடந்த இறைச்சிக் கறியைக் கிளறிவிட்டு ஏறினாள். ஒன்பதாவது தரம் ஏறுகையில் சுவரைப் பிடித்தாள். மேலே குந்தியிருந்த தங்கையின் பேனை ஓடியது. பத்தாவது தரம் சுவரைப் பிடிக்கவில்லை. பேனை ஓடவில்லை.

"கிளறி, பிடிச்சதை எழுதினாய். பிடிக்காததை எழுதேல்லையே?" என்று அருமைநாயகி மேல்மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"பிடிக்காதது செய்தியில்லை, அக்கா."

அன்று எனக்கு முதல் தடவையாகப் பயம் பிடித்தது. எழும்பி நடந்தேன், குந்தினேன், மறுபடி நடந்தேன். வியாழன் ஒரு நாள்தான் மிச்சம். இருந்ததிலேயே பெரியதை அன்றைக்கு வைத்தேன்: லீமாவின் சான் கிறிஸ்தோபல் குன்றுக்குப் பதில் ஹரோ மலை. அங்கே குன்றுக்கு பஸ் போகும் என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

வியாழன் காலை ஏறினோம். செங்குத்து. நான் மூன்று இடத்தில் மரங்களின் அழகைப் பார்க்க நின்றேன். அருமைநாயகி நிற்கவில்லை. உச்சியில் பழைய தேவாலயம். வாசலில் ஒரு வாங்கு. அதில் போய் இருந்தாள். கண்ணை மூடினாள்.

"குந்திட்டா," என்று கொப்பியைத் திறந்தாள் கிளறிற்றா.

"செபம் சொல்லுறா."

"வாய் அசையேல்லை."

"மனதுக்குள்ள."

"நோவில கண்ணை மூடுறதுக்கும் செபத்தில மூடுறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும் அத்தான். கூடப் பிறந்தனான்."

இறங்கும்போது ஈர இலையில் சப்பாத்து வழுக்கியது. ஒரு கணம். அருமைநாயகி பக்கத்துக் கம்பியைப் பிடித்து நிமிர்ந்துவிட்டாள். விழவில்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், விழவே இல்லை. ஆனால் கிளறிற்றாவின் முகம் வெள்ளையாகிப் போயிற்று. கொப்பியில் மணியையும் 'ஈர இலை' என்பதையும் மட்டும் எழுதினாள். மூடிக் கைப்பையில் வைத்தாள்.

"முடிஞ்சுது. நான் றொசாந்திக்கு அடிக்கப்போறன்."

"கிளறி, நில்."

"இது ஹரோ, அக்கா. இஞ்ச கம்பியிருக்கு, நானிருக்கிறன். அங்க ஆர் உன்னைத் தூக்கிறது? உவரோ? உவர் பட்டியலில நேரம் பாத்துக்கொண்டு நிப்பார்."

சொல்லிவிட்டு விறுவிறென்று மலையடிக்கு இறங்கினாள். தரிப்பில் வீட்டுப் பக்கம் போகும் பஸ் நின்றது. ஏறிவிட்டாள். நான் பின்னால் பாய்ந்து ஏறினேன். அவளிடமிருந்து தொலைபேசியைப் பறிப்பதற்கோ, காலில் விழுவதற்கோ, எதற்கு ஏறினேன் என்று எனக்கே தெரியாது. கதவு மூடியது. பஸ் எடுத்தது. அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாக நினைவு வந்தது.

"அத்தான், அக்கா எங்க?"

கண்ணாடிக்கு வெளியே, நடைபாதையில், கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி அருமைநாயகி.

"ஐயோ மாதாவே, அவவை விட்டிட்டு வந்திட்டம்! நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

நான் ஓட்டுநரிடம் ஓடினேன். தரிப்பில்தான் நிறுத்தலாமாம். திரும்பி ஓடி வந்தேன். கிளறிற்றா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அத்தான்."

"என்ன?"

"அக்கா ஓடுறா."

ஓடினாள். சேலையை ஒரு கையால் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, மற்றக் கையில் கைப்பை ஆட, ஓட்டச் சப்பாத்து இரண்டும் பளிச்சுப் பளிச்சென்று, ஹரோ தெருவில் என் மனைவி ஓடிவந்தாள். ஆட்கள் விலகினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். தெருவேலைக்காக வைத்திருந்த தற்காலிக விளக்கு சிவப்பாக, பஸ் நின்றது. அவள் பின் கண்ணாடிக்கு வந்தாள், நடுக் கண்ணாடிக்கு வந்தாள், எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை, முன் கண்ணாடியைத் தாண்டினாள்.

"மெல்ல அக்கா! மெல்ல!" என்று கிளறிற்றா கண்ணாடியில் அடித்தாள். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்; பஸ்ஸே சாய்ந்தது என்றுதான் எனக்கு ஞாபகம்.

பச்சை விழுந்தது. பஸ் உறுமி எடுத்தது. அவள் நிற்கவில்லை. அடுத்த தரிப்பு ஓர் அறுபது யார் தூரம் இருக்கும். பஸ் தரிப்பில் போய் நின்று கதவு திறந்தபோது, கதவுக்கு நேரே அவள் நின்றுகொண்டிருந்தாள். பயண அட்டையைத் தொட்டு ஏறினாள். ஒரு பெடியன் எழும்பி இடம் கொடுத்தான். "நோ, தாங்க்யூ," என்றாள். ரெய்னர்ஸ் லேன் வரும் வரைக்கும் தங்கைக்கு முன்னால் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள். மூச்சு ரயில் மாதிரி.

அன்று கிளறிற்றா ஒருவருக்கும் தொலைபேசி அடிக்கவில்லை. நானா சும்மா இருப்பேன்? வீட்டுக்குள் கால் வைத்ததும் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். மகிழ்ச்சியில் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. அம்மா மூன்று பஸ்ஸையும் ஒரு அம்புலன்ஸையும் முந்தினா, பொலிஸ்காரர் கைதட்டினார் என்று எழுதினேன். பதிலாகச் சிரிக்கிற முகங்கள் ஆறு வந்தன. பிறகு ஒரு வரி: 'அப்பா, நாளைக்குப் பதினொண்டரைக்குச் சின்னம்மாவோட கதைக்கிறன். பிளீஸ், பகிடி விடாதேங்கோ.'

அதைப் பார்த்துத்தான் என் பிழை எனக்கு விளங்கியது. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், புழுகத் தேவையே இல்லாத ஒன்று என் கண்முன் நடந்தது. அதையும் நான் புழுகிக் கெடுத்துவிட்டேன். இனி நான் ஒரு பஸ் என்று சத்தியம் செய்தாலும் மகள் அதைப் பத்தால் வகுத்து, பஸ்ஸில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுப்பாள். எல்லாம் கிளறிற்றாவின் வாயில் போய் நின்றது.

அவளிடம் போனேன். "நீ கண்டனிதானே?"

"பஸ் சிவப்பு லைட்டில நிண்டது."

"பிறகு?"

"எனக்குத் தெரியாது அத்தான். நான் கத்திக்கொண்டு நிண்டனான். கண்ணை மூடினனோ தெரியாது."

வெள்ளி காலை நான் விறாந்தையில் நடந்த தூரத்தைக் கூட்டினால் மட்ரிட் போய்ச் சேர்ந்திருப்பேன். பதினொரு மணிக்கு அருமைநாயகி குளிக்கப் போனாள். வழமைபோலக் கிளறிற்றா கதவடியில் நின்று இருமினாள். உள்ளேயிருந்து இருமல் வரவில்லை. மறுபடி இருமினாள். கதவு திறந்தது. அருமைநாயகி ஈரத் துவாயோடு வாசலில் நின்றாள்.

"கிளறி, அண்டைக்கு நீ என்னைத் தூக்கினனி. இல்லாட்டி நான் இல்லை. அது எனக்குத் தெரியும்."

"இப்ப ஏன் அதெல்லாம்?"

"தூக்கினனி. ஆனா இன்னும் என்னைக் கீழ இறக்கேல்லை. மூண்டு வருசமா உன்ர கையிலதான் இருக்கிறன்."

கிளறிற்றா சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். "நேற்றையில இருந்து நோகுதோ?" என்று கேட்டாள்.

"நோகுது. ஏன் பொய் சொல்லுவான்? ரெண்டு காலும் நோகுது. இரும்புக் கால் குறைவா நோகுது."

பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. மேசையில் லீமா வரைபடத்தின் மேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டோம். நான் வாய் திறக்கக்கூடாது என்று அருமைநாயகி என் கையைப் பிடித்திருந்தாள். பிடித்தது பாசத்தில் அல்ல.

"சின்னம்மா, சொல்லுங்கோ."

கிளறிற்றா கொப்பியைத் திறந்தாள். கண்ணாடியைப் போட்டாள். ஒரு வரி விடாமல் வாசித்தாள். கழுத்து நோவு. வெங்காய மூட்டை. சுவரைப் பிடித்தது. வாங்கு. ஈர இலை. ஒவ்வொன்றுக்கும் மணி, நிமிடம். என் பட்டியல்கூட அவ்வளவு நேர்த்தி இல்லை. மணிக்கூட்டில் பதினொன்று நாற்பத்தெட்டு.

மறுமுனையில் மகள் மெல்ல மூச்சு விட்டாள். "அப்ப கான்சல் பண்ணுறன், என்ன சின்னம்மா? அம்மா, கோவிக்காதேங்கோ. அடுத்த வருசம் பாப்பம்."

என் கையைப் பிடித்திருந்த அருமைநாயகியின் பிடி தளர்ந்தது. அது எனக்குத் தாங்கவில்லை.

"பஸ்!" என்றேன்.

"அப்பா, பிளீஸ். மூண்டு பஸ், ஒரு அம்புலன்ஸ்."

"ஒண்டு! ஒரு பஸ்! அம்புலன்ஸ் நான் போட்டது, பொலிஸும் நான் போட்டது. பஸ் உண்மை, பிள்ளை!"

மகள் சிரித்தாள். பாவம், அவள் வேறு என்ன செய்வாள்? "சின்னம்மா, நீங்களே சொல்லுங்கோ. அப்பிடி ஏதும் நடந்ததோ?"

கிளறிற்றா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கொப்பியைப் புரட்டி ஒரு வெற்றுப் பக்கத்துக்கு வந்து நின்றாள். நான் நாற்காலியில் பாதி எழும்பி, பாதி இருந்து, அப்படியே அந்தரத்தில் நின்றேன்.

"இதில நான் எழுதேல்லை," என்றாள். "கண்ணாடியில அடிச்சுக்கொண்டு நிண்டனான், அதால எழுதேல்லை. கேள், றொசாந்தி. கொப்பர் சொல்லுறதில பத்தில ஒண்டுதான் உண்மை. இது அந்த ஒண்டு. பஸ் சிவப்பு லைட்டில நிண்டது, அது மெய். அங்க வச்சு எங்களைப் பிடிச்சவ. ஆனா பச்சை விழுந்து பஸ் ஓடத் தொடங்கின பிறகும் அவதான் முன்னுக்கு, அடுத்த தரிப்பு மட்டும். நான் கண்ணை மூடேல்லை. கண்டனான். கொம்மா ஓடினவ, பிள்ளை."